தெச்சியா, காகிதப்பூவா? வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பல, வீட்டு முகப்பில் வைக்கும் இரண்டு பூச்செடிகளைப் பற்றியே கேட்கின்றன. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றொன்றுக்கும் பயன்படும் என்பதால் இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிற மாவட்ட வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே தெச்சி என்று எழுதியிருப்பது நீங்கள் இட்லிப்பூ என்றும் வெட்சி என்றும் அறிந்த செடியையே, காகிதப்பூ என்பது போகன்வில்லா.

கேள்வி (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி): புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். தெருவை ஒட்டி 40 அடி நீளத்துக்கு மதில் இருக்கிறது. அதன் உட்புறம் ஒரே வகைப் பூச்செடியை வரிசையாக வைக்க விரும்புகிறோம். பூசைக்கு ஆகும் என்று என் மாமியார் தெச்சி வைக்கச் சொல்கிறார். மதில் நிறையப் பூத்துத் தொங்கும் என்று என் கணவர் காகிதப்பூ வைக்கச் சொல்கிறார். நர்சரியில் விசாரித்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் வளரும் என்கிறார்கள். எதை வைக்கலாம்? எப்படிப் பராமரிக்க வேண்டும்?

பதில்: இரண்டும் ஒரே மாதிரி வளரும் என்பது சரியல்ல. நம் வீடுகளில் வைக்கும் பூச்செடிகளில் இவ்வளவு எதிரெதிரான குணம் கொண்ட இரண்டைக் காண்பது அரிது. கடிதங்களை ஒன்றாக வைத்துப் படித்தபோது எனக்குத் தெளிவாகப் புலப்பட்டதும் இதுவே: வெளிறிப்போன தெச்சிகளும் பூக்காத காகிதப்பூக்களும் கவனிப்பு இல்லாததால் அப்படி ஆகவில்லை, ஒன்றுக்குச் செய்ய வேண்டிய கவனிப்பை மற்றொன்றுக்குச் செய்ததால் ஆகியிருக்கின்றன. ஆகவே, நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன்பு இரண்டும் எங்கிருந்து வந்தவை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தெச்சி நம் மண்ணுக்கு உரியது. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த அது, மழை நிறையப் பெய்கிற, இலைமக்கு கலந்த, சற்று அமிலத்தன்மை உள்ள மண்ணில் பழகியது. தொல்காப்பியம் ஆநிரை கவர்தலைச் சொல்லும் புறத்திணைக்கு வெட்சி என்று பெயரிட்டிருப்பதும், குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் அது இடம்பெற்றிருப்பதும், தமிழ் நிலத்தில் அந்தச் செடி எவ்வளவு பழையது என்பதைக் காட்டும். காகிதப்பூவோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் கப்பலில் சென்ற தாவரவியலாளர் கொமெர்சோன், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் அதைக் கண்டு சேகரித்தார். கப்பல் தலைவரின் பெயரே செடிக்கும் நிலைத்தது. மழைக்காலத்தில் தழைத்து, மழை ஓய்ந்து மண் உலர்ந்தபின் பூப்பது அதன் இயல்பு. எனவே, ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் தெச்சி மகிழும். அதே ஈரத்தில் காகிதப்பூ இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும்.

பூவின் அமைப்பிலும் வேறுபாடு உண்டு. காகிதப்பூவின் ஒரு கொத்தைக் கையில் எடுத்து அருகில் வைத்துப் பாருங்கள். நாம் பூவிதழ் என்று நினைக்கும் வண்ணத் தகடுகள் மூன்றும் உண்மையில் நிறம் மாறிய இலைகள். இலை நரம்புகளைப் போலவே அவற்றிலும் நரம்புகள் ஓடுவதைக் காணலாம். ஒவ்வொரு தகட்டின் நடு நரம்போடும் ஒட்டிக்கொண்டு, குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிதாக விரியும் வெண்ணிறக் குழல்தான் உண்மையான பூ. அது வாடிய பின்னும் தகடுகள் பல நாட்கள் நிறம் குன்றாமல் இருப்பதால்தான் காகிதப்பூ மாதக்கணக்கில் பூத்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. தெச்சியில் அப்படி இல்லை. நீண்ட மெல்லிய குழலும் நுனியில் நான்கு இதழும் கொண்ட சிறு பூக்கள் பல ஒரே காம்பில் கூடிக் கொத்தாக நிற்கின்றன. ஒரு கொத்தில் மொட்டும் மலரும் ஒரே சமயத்தில் இருப்பதால் கொத்து நெடுநாள் நிற்கும். குழலின் அடியில் தேன் இருக்கிறது. நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பட்டாம்பூச்சிகளுக்கும் தேன்சிட்டுகளுக்கும் அது எட்டும். வீட்டு முற்றத்துக்குப் பட்டாம்பூச்சி வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் தெச்சியை வைப்பது நல்லது.

இனி உங்கள் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் நன்றாகப் பெறும் மாவட்டம் நம்முடையது. ஆயினும் மாவட்டம் முழுவதும் ஒரே மழை இல்லை. விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டாறு, கல்குளம் வட்டங்களில் மழை மிகுதி. மண்ணும் செம்புறைச் சரளை கலந்த செம்மண். பல தலைமுறையாகப் பெய்த மழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டதால் அந்த மண் இயல்பாகவே அமிலத்தன்மை உடையது. கிழக்கே அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களுக்குப் போகப் போக மழை குறைகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று மண்ணையும் இலையையும் உலர்த்துகிறது. எனவே, மார்த்தாண்டத்தில் மதில் நெடுக ஒரே செடி என்றால் என் முடிவு தெச்சிதான். அது உங்கள் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றது. பூசைக்கும் ஆகும், ஓணத்துக்கு முற்றத்தில் அத்தப்பூக்களம் இடுபவர்களுக்கும் கைகொடுக்கும்.

ஆனால், புதுவீடு என்று எழுதியிருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மதிலை ஒட்டிய மண்ணில் கொத்தனார் கொட்டிய சிமெண்டுக் கலவையும், உடைந்த கற்காரையும், சுண்ணாம்புத் தூளும் கலந்திருக்கும். அவை மண்ணைக் காரமாக்கிவிடும். காரமான மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் தெச்சியின் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே மதிலிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளி, ஒன்றரை அடி ஆழமும் அதே அகலமுமாகக் குழி எடுத்து, குழியிலிருந்து வந்த கலவை மண்ணை அப்புறப்படுத்திவிட்டு, விளையின் (வீட்டைச் சுற்றிய தோட்டத்தின்) உட்பகுதியிலிருந்து எடுத்த சுத்தமான செம்மண்ணுடன் மக்கிய இலைக்குப்பையும் மட்கிய சாணமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து நிரப்புங்கள். உயரமாக வளரும் நாட்டுத் தெச்சி என்றால் செடிக்குச் செடி 3 அடி இடைவெளி வேண்டும்; குட்டை வகை என்றால் ஒன்றரை அடி போதும். ஆனி மாதச் சாரலில் நட்டால் முதல் கோடை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். அந்த முதல் கோடையில் இரண்டு நாளுக்கு ஒரு முறை அடிமண் வரை நனையும்படி தண்ணீர் விட வேண்டும். அதற்குப் பிறகு வாரம் இரு முறை போதும். தண்டைச் சுற்றிச் சருகு மூடாக்கு இட்டிருந்தால் அதுவும் சில வாரங்களில் தேவைப்படாது.

கவாத்து செய்வதில்தான் பலர் தெச்சிக்குத் தீங்கு செய்கிறார்கள். தெச்சி கிளையின் நுனியில் பூக்கும் செடி. மதில்போல நேர்த்தியாக இருக்க வேண்டும் என்று மாதந்தோறும் கத்தரியால் மட்டம் வெட்டினால், வரவிருக்கும் மொட்டுகளை எல்லாம் வெட்டிப் போட்டதாகிவிடும். பூத்து முடிந்த கொத்தை அதன் கீழே உள்ள ஒரு ஜோடி இலையோடு சேர்த்துக் கிள்ளிவிடுவதே போதுமான கவாத்து. செடி கட்டுக்கு மீறி உயர்ந்துவிட்டால் மட்டும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, மழை தொடங்கும் சமயத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைக்கலாம். அதற்குப் பின் சில மாதங்கள் பூ குறையும் என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் விருப்பத்துக்கும் வழி இருக்கிறது. வாசலில் நாள் முழுதும் வெயில் விழும் பக்கத்தில், மழைநீர் தேங்காத உயரமான ஒரு மேடையில், பெரிய பூச்சட்டி ஒன்றில் காகிதப்பூவை வைத்து வளர்க்கலாம். மதில் நெடுக வைக்க வேண்டிய தேவையே இல்லை; நிலத்தில் வேரூன்றிய ஒரு காகிதப்பூச் செடி நாளடைவில் 15 அடி நீளத்துக்குப் படர்ந்துவிடும் என்பதால் அதை வரிசையாக நடுவது எந்த மதிலுக்கும் மிகை.

கேள்வி (கன்னியாகுமரியிலிருந்து ஒரு வாசகர்): கடற்கரையை ஒட்டிய வீடு எங்களுடையது. மாமனார் வீட்டு விளையில் செழித்து நின்ற தெச்சியிலிருந்து பதியன் எடுத்து வந்து நட்டேன். அங்கே கரும்பச்சையாக இருந்த செடி இங்கே மஞ்சளாகிவிட்டது. புது இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் வெளிர் மஞ்சளாகவும் இருக்கிறது. முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் போட்டும் பயனில்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரக் குறைவு அன்று. அறிகுறியை மிகத் துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளாவதும், அது பழைய இலையில் அல்லாமல் புதிய தளிரில் முதலில் தோன்றுவதும் இரும்புச் சத்துக் குறைபாட்டின் அடையாளம். கடற்கரை மணலில் கிளிஞ்சல் துகள் கலந்திருக்கும், அது சுண்ணாம்பு. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீராக இருந்தால் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்கிறது. முட்டை ஓடும் சாம்பலும் நல்லெண்ணத்தோடு இட்டவைதான். ஆனால் இரண்டும் மண்ணைக் காரமாக்குபவை என்பதால் நோயை வளர்த்துவிட்டன. அவற்றை உடனே நிறுத்துங்கள். எலும்புத் தூளும் தெச்சிக்கு வேண்டாம். சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று பூச்செடிக்கு விடும் வழக்கம் இப்போது எல்லா வீடுகளிலும் பரவியிருக்கிறது. அதில் உப்பு செறிந்திருக்கும், தெச்சிக்கு அது ஒத்துவராது. அரிசி களைந்த நீர் விடலாம். மழைநீரைப் பிடித்து வைத்து விட முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

உடனடி நிவாரணத்துக்கு, கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கும் இரும்பு சல்பேட்டை ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலையின் இருபுறமும் நனையும்படி தெளியுங்கள். கரைசலைச் சேர்த்து வைக்காமல் அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை தெளித்தால் புதிய தளிர் பச்சையாக வருவதைக் காணலாம். ஏற்கெனவே மஞ்சளான முதிர்ந்த இலைகள் முழுதாக நிறம் திரும்பா. தரை ஓட்டிலும் சிமெண்டுத் தளத்திலும் இந்தக் கரைசல் பட்டால் துருக்கறை போகவே போகாது. எனவே செடியின் அடியில் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

இது நோயைத் தள்ளிப்போடுமே தவிர, மண்ணை மாற்றாது. நீங்கள் தெச்சியை விட மனமில்லாதவர் என்பது கடிதத்தில் தெரிகிறது. அப்படியானால் அதைத் தரையிலிருந்து எடுத்து 14 அங்குலப் பூச்சட்டிக்கு மாற்றுங்கள். மேற்கு வட்டத்துச் செம்மண் இரண்டு பங்கும், மக்கிய இலை உரம் ஒரு பங்கும், நன்கு கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கும் கலந்த மண்ணில், கடற்காற்று நேராக வீசாத வீட்டின் பின்பக்கத்தில் காலை வெயில் படும்படி வையுங்கள். உங்கள் மாமனார் வீட்டுச் செம்மண்ணிலேயே ஒரு சாக்கு எடுத்து வந்தால் அதுவே போதும். அதன் பிறகும் உப்புக் காற்றால் இலை ஓரம் கருகுமானால் தவறு உங்களுடையது அன்று. தெச்சி உப்பைத் தாங்காத செடி. கடலைப் பார்த்த முகப்புக்குக் காகிதப்பூவையே வையுங்கள். உப்புக் காற்றையும் மணலையும் கடும் வெயிலையும் தாங்கி, பூத்தும் காட்டும் செடிகள் குறைவு. அவற்றில் முன்வரிசையில் வைக்கத் தக்கது அது.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி): மொட்டை மாடியில் பூச்சட்டியில் காகிதப்பூ வைத்திருக்கிறேன். வாங்கும்போது இலையே தெரியாமல் பூத்திருந்தது. இப்போது ஆள் உயரம் வளர்ந்து இலை இலையாக நிற்கிறது, பூவே இல்லை. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன். மாதந்தோறும் கொஞ்சம் யூரியாவும் இடுகிறேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: செய்வதைக் குறைக்க வேண்டும். தண்ணீரும் தழைச்சத்தும் தடையின்றிக் கிடைக்கும் வரை காகிதப்பூ தழைத்துக்கொண்டே இருக்கும். பூக்க வேண்டிய அவசியம் அதற்கு ஏற்படுவதில்லை. யூரியா முழுக்கத் தழைச்சத்து. அதை இன்றோடு நிறுத்துங்கள். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படுகிறதா என்று பாருங்கள். மாடியின் தண்ணீர்த் தொட்டி நிழலில் சட்டி இருந்தால் முதலில் அதை நகர்த்த வேண்டும், ஏனென்றால் வெயில் இல்லாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

அடுத்தது தண்ணீர். மழை இல்லாத நாட்களில், இலைகள் நண்பகலில் லேசாகத் துவண்டு தொங்கும் வரை தண்ணீர் விடாதீர்கள். துவண்டதைக் கண்டதும் பதறி நிறைய ஊற்றிவிட வேண்டாம். இலை நிமிரும் அளவுக்கு மட்டும், ஒரு சிறு குவளை விடுங்கள். மறுபடியும் துவளும்போது மறுபடியும் அந்த அளவே. இப்படி மூன்று நான்கு வாரம் நடத்தினால் கிளை நுனியிலும் இலைக்கக்கத்திலும் முள்ளுக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் சிறு கூர்முனைகள் தோன்றும். முதலில் இலைத்தளிர் என்றே நினைப்பீர்கள்; சில நாட்களில் அவற்றின் ஓரத்தில் நிறம் ஏறும். நிறம் ஏறத் தொடங்கியதும் பட்டினி போடுவதை நிறுத்திவிட்டு, மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் நன்றாகத் தண்ணீர் விடும் முறைக்கு வர வேண்டும். அப்போதும் துவளவிட்டால் வந்த பூ உதிர்ந்துவிடும். பலர் இந்த இரண்டாம் பகுதியைத் தெரிந்துகொள்ளாமல், காகிதப்பூவுக்குத் தண்ணீரே கூடாது என்று எண்ணிச் செடியை வாட்டிவிடுகிறார்கள்; அதுவும் கொடுமைதான்.

சட்டியை மாற்றலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். வேர் சட்டியை நிறைத்து நெருக்கமாக இருக்கும்போதுதான் காகிதப்பூ நன்றாகப் பூக்கும். தண்ணீர் விட்ட அன்றே செடி துவண்டுபோகும் அளவுக்கு வேர் நிறைந்தால் ஒழியச் சட்டியை மாற்ற வேண்டாம். மாற்றும்போதும் அதன் வேர் மிக எளிதில் ஒடியக்கூடியது என்பதால், மண்கட்டி உடையாமல் அப்படியே தூக்கி வைக்க வேண்டும். தெச்சியைப் போல வேரை உதறிப் பிரித்து நடக் கூடாது.

கவாத்துக்கு நம் மாவட்டத்தில் இரண்டு தருணங்கள் உண்டு. கோடைப் பூ முடிந்து தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், வைகாசிக் கடைசியில், நீண்ட கிளைகளைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். மழையில் புதுக்கிளைகள் வரும். கார்த்திகையில் வடகிழக்கு மழை தணியத் தொடங்கும்போது அந்தப் புதுக்கிளைகளின் நுனியை மட்டும் கிள்ளிவிடுங்கள். அவை பக்கக்கிளை விட்டு, மார்கழிக்குப் பின் வரும் உலர்ந்த மாதங்களில் பூக்கும். காகிதப்பூ புதுக்கிளையில் பூப்பது என்பதால் வெட்டுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தடித்த கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உரம் என்றால், நுனி கிள்ளிய சமயத்தில் ஒரு கைப்பிடி எலும்புத் தூளும் ஒரு தேக்கரண்டி பொட்டாஷும் மட்டும் போதும்.

கேள்வி (குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர்): ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. நகரத்து வீடுகளில் பார்த்து ஆசைப்பட்டு மூன்று நிறக் காகிதப்பூ வைத்தேன். ஆனி, ஆடியில் இலை புள்ளி விழுந்து உதிர்கிறது, வேரும் அழுகுகிறது. மருந்து என்ன?

பதில்: மருந்தால் தீரக்கூடியது அன்று இது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி மலைகளின் அடிவாரத்தில் பெய்யும் மழையும், ரப்பர் மரங்களின் நிழலும், எந்நேரமும் காற்றில் நிற்கும் ஈரமும் சேர்ந்த இடத்தில் காகிதப்பூ மகிழ்ந்து வளராது. சட்டியில் வைத்து, மழைக் காலத்தில் வீட்டின் முன்கூரைக்கு அடியில் நகர்த்தி வைப்பதும், சட்டியின் அடித்துளை அடைபடாமல் ஓட்டுச் சில்லுகளின் மேல் நிறுத்துவதும், மண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றுமணல் சேர்ப்பதும் செடியை உயிரோடு காக்கும். தை முதல் சித்திரை வரை பூவையும் பார்க்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றே நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விளையில் தெச்சி பெரிதாகக் கவனிக்காமலே தழைக்கும். ரப்பர் நிழலை விட்டுச் சற்று விலக்கி, அரைநாள் வெயிலாவது விழும்படி நடுங்கள், ஏனென்றால் முழு நிழலில் அதுவும் இலையாகவே நிற்கும்.

கேள்வி (திருவட்டாறிலிருந்து ஒரு வாசகி): இரண்டையும் அருகருகே ஒரே பாத்தியில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரே பாத்தியில் ஒன்றுக்குத் தண்ணீர் விட்டால் மற்றது பூக்காது. ஒன்றைக் காயவிட்டால் மற்றது வாடும். மேலும் காகிதப்பூவின் கிளைகள் சீக்கிரமே தெச்சியின் மேல் சாய்ந்து வெயிலை மறைத்துவிடும். காகிதப்பூ சட்டியிலும் தெச்சி தரையிலும் என்று பிரித்து வைத்தால் முற்றம் சிறியதாக இருந்தாலும் இரண்டையும் வளர்க்கலாம்.

கேள்வி (தோவாளையிலிருந்து ஒரு வாசகர்): பூச்சந்தையில் வேலை பார்க்கிறேன். வீட்டில் சிறு அளவில் நாற்று உற்பத்தி செய்து விற்கலாம் என்று எண்ணம். இந்த இரண்டில் எது எளிதில் வேர் பிடிக்கும்? எந்த ரகங்களுக்கு வரவேற்பு?

பதில்: தொடக்கத்துக்குத் தெச்சியே ஏற்றது. பூத்து முடிந்த கிளையில், பச்சை நிறம் மாறிப் பழுப்பேறத் தொடங்கிய பகுதியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் குறைவாகத் துண்டு எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, மேல் இலைகளைப் பாதியாக வெட்டி, வேரூக்கித் தூளில் தொட்டு, மணலும் கழுவிய நார்க்கழிவும் கலந்த பையில் ஊன்றுங்கள். சாரல் மாதங்களில் நிழலில் வைத்துப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஈரம் காத்தால் இரண்டு மாதத்தில் வேர் நன்கு பிடிக்கும். தோவாளைப் பக்கத்துக் காற்று நாற்றுக்கு எதிரி. காற்றுத் தடுப்பாக ஓலைத் தட்டி கட்டாமல் தொடங்க வேண்டாம்.

காகிதப்பூவுக்குப் பென்சில் பருமனுள்ள முதிர்ந்த கிளை வேண்டும். சாதாரண கருஞ்சிவப்பு, ஊதா வகைகள் போத்திலிருந்தே, அதாவது வெட்டி ஊன்றும் கிளைத் துண்டிலிருந்தே, வந்துவிடும். அடுக்கு வகைகளும், இலையில் வெள்ளை படர்ந்த வகைகளும் போத்தில் பிடிவாதம் பிடிக்கும்; அவற்றை விண்பதியன் போட்டே, அதாவது கிளை செடியில் இருக்கும்போதே அதில் வேர்விடச் செய்தே, எடுக்க வேண்டும். ஒரே செடியில் வெள்ளையும் கருஞ்சிவப்பும் கலந்து பூக்கும் மேரி பாமர் என்ற ரகமும், அதே பூவோடு இலையிலும் மஞ்சள் படர்ந்த திம்மா என்ற ரகமும் நல்ல விலைக்குப் போகக்கூடியவை. திம்மாவில் சில கிளைகள் முழுப் பச்சை இலையோடு வரும். அவற்றை அப்போதைக்கப்போது அடியோடு நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீரியம் மிகுந்த பச்சைக் கிளைகளே செடியை நிறைத்துவிடும். தெச்சியில் குட்டைச் சிவப்பு எப்போதும் விற்கும். மஞ்சளும் வெள்ளையும் கேட்பவர்கள் குறைவு, ஆனால் கேட்பவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை என்பதால் கொஞ்சம் வைத்திருப்பது நல்லது. விற்கும்போது வாங்குபவரின் ஊரைக் கேளுங்கள். கடற்கரைக்காரருக்குத் தெச்சியையும் மலையடிவாரத்துக்காரருக்குக் காகிதப்பூவையும் விற்றுவிட்டால் அவர் மறுபடியும் உங்களிடம் வரமாட்டார்.

கேள்வி (கொல்லங்கோட்டிலிருந்து ஒரு வாசகி): வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. இரண்டில் எது ஆபத்து இல்லாதது?

பதில்: தெச்சி. அதில் முள் இல்லை. பூவின் தேனை உறிஞ்சியும், கருஞ்சிவப்பாகப் பழுத்த பழத்தைத் தின்றும் வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. பூவைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் குழந்தைகளுக்குத் தேய்க்கும் வழக்கமும் உங்கள் பக்கத்தில் இருக்கும். பூச்சிமருந்து தெளித்த செடியானால் மட்டும் குழந்தையின் கைக்கு எட்டவிடக் கூடாது. காகிதப்பூவின் முள் நீளமானது, கூர்மையானது. குத்திய இடத்தில் சிலருக்குத் தடிப்பும் எரிச்சலும் ஏற்படும். குழந்தை ஓடி விளையாடும் முற்றத்தில் அதை வைக்க வேண்டாம். மாடிச் சுவர் மேல் வையுங்கள்.

கேள்வி (ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு வாசகர்): தெச்சி இலைகளின் மேல் கரி பூசியதுபோல் கறுப்பாகப் படிகிறது. துடைத்தால் போகிறது, மறுபடியும் வருகிறது. எறும்புகளும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. சாலைப் புகையாக இருக்குமா?

பதில்: புகை அன்று, கரும்பூசணம். எறும்புகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று தொடர்ந்து பாருங்கள். இலையின் அடிப்புறத்திலோ, கொத்தின் காம்பிலோ, இளந்தண்டிலோ பழுப்பு நிறச் செதில்களாகவோ வெள்ளை மாவாகவோ சில பூச்சிகள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். அவை சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவைக் கீழ் இலைகளின் மேல் சொட்டவிடுகின்றன. அந்த இனிப்பின் மேல் வளர்வதுதான் நீங்கள் துடைக்கும் கறுப்பு. எறும்பும் அதற்காகவே வருகிறது. வருவதோடு நில்லாமல், அந்தப் பூச்சிகளைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டிக் காவலும் காக்கிறது.

எனவே இலையைத் துடைப்பதில் பயனில்லை. மிகுதியாகப் பூச்சி ஒட்டிய கிளைகளை வெட்டி எரித்துவிடுங்கள். மீதிச் செடியில், ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் அது நீரோடு கலக்கச் சிறிது காதி சோப்புக் கரைசலும் சேர்த்து, இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் தெளியுங்கள். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் தெளிக்க வேண்டும். முட்டையிலிருந்து புதிதாக வெளிவரும் குஞ்சுகளுக்கு ஓடு தடிக்கும் முன் மருந்து படுவதற்காகவே இந்த இடைவெளி. பூத்திருக்கும் கொத்துகளின் மேல் தெளிக்காதீர்கள், பட்டாம்பூச்சிகள் வரும் இடம் அது. செடியின் கிளைகள் மதிலையோ தரையையோ தொட்டுக்கொண்டிருந்தால் வெட்டி விலக்குங்கள். எறும்பு ஏறத் தண்டு ஒன்றே வழி என்று ஆன பிறகு, தண்டில் ஒரு சாண் உயரத்தில் துணிப்பட்டை சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவினால் எறும்பு நின்றுவிடும். துணி இல்லாமல் பட்டையின் மேல் நேராகத் தடவக் கூடாது.

உங்கள் ஊர்க் காற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் தெச்சிக்கு நீர் போதாமல் செடி நலிவதும், நலிந்த செடியில் செதில் பூச்சி பெருகுவதும் தொடர்ந்து நடக்கும். சருகு மூடாக்கைக் கனமாக இட்டு, காற்று வரும் பக்கத்தில் வேலியாகக் காகிதப்பூவை எட்டடி தள்ளி நட்டுப் படரவிடுங்கள். அந்தக் காற்றையும் வறட்சியையும் அது தாங்கும். அதன் மறைவில் தெச்சியும் நிற்கும். இரண்டுக்கும் தண்ணீர் விடும் குழாயை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.